முதல் தடவை தனியாக வெளிநாட்டுக்கு விமானத்தில்: கவனம் வேண்டியது எங்கே?

கேள்வி இதுதான்: "இதுவரை தனியாக விமானம் ஏறியதில்லை. முதல் தடவையே வெளிநாடு, அதுவும் நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். விமானம் ஆடினால் என்ன செய்வது, வழி தெரியாமல் எங்காவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போய்விட்டது. எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?"

பயம் வருவது இயல்புதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பயம் இப்போது விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் இடம் மாற்றச் சொல்கிறேன். விமானத்துக்குள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை என்று எதுவுமே இல்லை, பெல்ட் போட்டு உட்கார்ந்தால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். முதல் பயணத்தில் சிக்கல் வருகிற இடங்கள் மூன்று, மூன்றும் தரையில்தான் இருக்கின்றன: கிளம்பும் ஊரில் செக்-இன் கவுன்ட்டர், விமானம் மாறும் இடம், போய் இறங்கியதும் வரும் முதல் இரண்டு மணி நேரம். இந்த மூன்றையும் வீட்டிலேயே உட்கார்ந்து முக்கால்வாசி முடித்துவிடலாம். மிச்சப் பயணத்தைப் பற்றி அவ்வளவு திட்டம் போட வேண்டாம், அது தானாக நடக்கும்.

செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவர் பெட்டியை எடைபோட்டு அனுப்பத்தான் இருக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய முக்கியமான வேலை வேறு. நீங்கள் போகும் நாடு உங்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால், கூட்டிவந்த விமான நிறுவனமே திரும்பக் கொண்டுபோக வேண்டும், பல நாடுகளில் அபராதமும் கட்ட வேண்டும். அதனால்தான் அவர் டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பைப் பார்த்து, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டில் என்னென்ன கேட்பார்கள் என்று சரிபார்க்கிறார். விசா, திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், வழியில் இறங்கும் நாட்டின் விதி எல்லாம் அதில் வரும். ஏதாவது ஒன்று குறைந்தால் போர்டிங் பாஸ் கிடைக்காது, அங்கே கெஞ்சியும் பயனில்லை. ஆகவே அவர் பார்ப்பதை நீங்கள் ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் எத்தனை நாள் செல்லும் என்பது முதல் விஷயம். காலாவதித் தேதி வரவில்லை என்பது மட்டும் போதாது. பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தை ஷெங்கன் என்பார்கள், அந்த நாடுகளுக்கு நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு அப்புறம் 3 மாதம் மிச்சம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் வழங்கி 10 வருடத்துக்குள்ளும் இருக்க வேண்டும். காலிப் பக்கம் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அடுத்து பெயர். பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் குடும்பப் பெயர் எது, தன் பெயர் எது என்று எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் விசாவிலும் இருக்க வேண்டும். குடும்பப் பெயருக்கான இடம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, டிக்கெட் எடுத்துவிட்ட பலர் திண்டாடிப் போனார்கள். அப்படிப்பட்ட பெயர் என்றால் டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்தைக் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் பதியுங்கள்.

விசா தேவையில்லை என்றாலும் சில நாடுகளுக்கு முன்கூட்டியே இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு வருகை அட்டை, மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டை, தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் அதே மாதிரி ஒன்று. மூன்றையும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும், மூன்றும் இலவசம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் காசு பிடுங்கும் போலித் தளம்தான். முகவரி அந்த நாட்டு அரசின் தளமா என்று பார்த்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.

டிக்கெட்டில் தேதியை இரண்டு தடவை படியுங்கள். 15ஆம் தேதி 00:30 என்று போட்டிருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. 15ஆம் தேதி இரவு சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். படித்தவர்கள், அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர்கள்கூட இதில் ஏமாந்திருக்கிறார்கள். டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம் என்பதையும், இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு ஹோட்டல் தேதியைப் போடுங்கள்.

ஊர் பெயர் மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்கவும் கூடாது. லண்டனுக்கு ஹீத்ரூ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல விமான நிலையங்கள். டோக்கியோவில் ஹனேடா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நரிட்டா சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. பாரிஸ் பெயரைச் சொல்லி விற்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு அந்தப் பஸ்ஸுக்கும் டாக்ஸிக்குமே போய்விடும், அதுகூடப் பரவாயில்லை, ராத்திரி 11 மணிக்கு இறங்கினால் பஸ்ஸும் இல்லாமல் போகலாம். முதல் தடவை தனியாகப் போகிறவர் கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது பகலில் இறங்குகிற விமானத்தைப் பிடிப்பது நல்லது. வெளிச்சத்தில் எந்த ஊரும் பாதி பழகியது மாதிரித் தெரியும்.

இப்போது விமானம் மாறுவது. உங்களுக்கு அதிகப் பயம் இதில்தான் என்று தோன்றுகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில், இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்திருந்தால் தவறவிட்டது உங்கள் நஷ்டம், பெரும்பாலும் பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய விசா வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொல்லை நீளும். அமெரிக்கா வழியாகப் போவது தனிக் கதை. அங்கே வெளிநாட்டிலிருந்து வந்து இன்னொரு வெளிநாட்டுக்கு மாறுவதாக இருந்தாலும் குடியேற்றச் சோதனை முடித்துத்தான் ஆக வேண்டும், அதற்கான விசா இல்லாமல் கிளம்பும் ஊரிலேயே ஏற்ற மாட்டார்கள். கனடா, பிரிட்டன், சில ஷெங்கன் நாடுகள் ஆகியவையும் சில நாட்டவர்களிடம் வழியில் விமானம் மாறுவதற்கென்றே டிரான்சிட் விசா கேட்கின்றன. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பாருங்கள்.

செக்-இன்னில் பெட்டியைப் போட்டதும் அதன் கைப்பிடியில் நீளமாக ஒரு தாள் பட்டையைச் சுற்றுவார்கள். அது பெல்ட்டில் நகர்வதற்கு முன்னால் அதைப் படியுங்கள். பெரிய எழுத்தில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும், அது நீங்கள் கடைசியாகப் போய்ச் சேரும் விமான நிலையத்தின் குறியீடாக இருக்க வேண்டும், நடுவில் மாறும் ஊரின் குறியீடாக இருக்கக் கூடாது. "பெட்டி கடைசி வரைக்கும் போகுமா, நடுவில் எடுக்க வேண்டுமா?" என்று வாய்விட்டும் கேளுங்கள். அதே பட்டையிலிருந்து பத்து இலக்க எண் உள்ள சின்னத் துண்டைக் கிழித்து உங்களிடம் தருவார்கள், அல்லது போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டுவார்கள். பெட்டி வராமல் போனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க இருக்கிற ஒரே பிடி அந்த எண். அதை ஒரு போட்டோ, பெட்டியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பயணப் பட்டைகள் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தால் கிழித்துப் போடுங்கள், வரிசைப்படுத்தும் இயந்திரம் பழைய குறியீட்டைப் படித்துப் பெட்டியை வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம். அப்புறம் இரண்டு போர்டிங் பாஸ் கொடுத்தார்களா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் கொடுத்தார்கள் என்றால் இரண்டாவதை மாறும் இடத்தில் டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டரில் வாங்க வேண்டும்.

மாறும் ஊரில் இறங்கியதும் எல்லோரும் ஒரு பக்கம் விறுவிறுவென்று நடப்பார்கள், அவர்கள் பின்னால் போய்விடாதீர்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள், வெளியே போகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது டிரான்ஸ்ஃபர் அல்லது கனெக்ஷன் என்ற பலகை. அதைப் பிடித்துப் போனால் மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை இருக்கலாம், அதைத் தாண்டியதும் பெரிய திரை. அதில் ஊர் பெயரை வைத்துத் தேடாமல் விமான எண்ணை வைத்துத் தேடுங்கள், ஒரே ஊருக்கு அரை மணி இடைவெளியில் இரண்டு விமானம் இருக்கலாம். கேட் எண் தெரிந்ததும் கடை, சாப்பாடு என்று போகாமல் முதலில் அந்தக் கேட் வரை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய விமான நிலையங்களில் ஒரு கேட்டுக்குப் போக உள்ளேயே ரயில் ஏற வேண்டியிருக்கும், இருபது நிமிடம் நடை இருக்கும். தூரம் தெரிந்துவிட்டால் மனசு அடங்கிவிடும், அப்புறம் நிம்மதியாகச் சாப்பிடலாம். கேட் கடைசி நேரத்திலும் மாறும், பல இடங்களில் ஒலிபெருக்கியில் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள், அதனால் அரை மணிக்கு ஒரு தடவை திரையைப் பாருங்கள்.

ஒரு தடவை இப்படி மாறும் இடத்தில் ஓர் இளம்பெண் கேட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, போனில் நேரத்தைப் பார்த்துப் பார்த்து நிதானமாக இருந்தார். எங்களைக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. அவருடைய போர்டிங் பாஸில் இருந்ததும் எங்கள் விமானம்தான். கேட்டால், "இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே" என்றார். போன் ஏரோப்ளேன் மோடிலேயே இருந்ததால் அவர் கிளம்பிய ஊரின் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ராத்திரி முழுக்கத் தூங்காத யாருக்கும் இது நடக்கும். இறங்கியதும் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துப் போனைச் சரிசெய்யுங்கள், கண்ணை மூடுவதாக இருந்தால் அந்த ஊர் நேரத்துக்கு அலாரம் வையுங்கள்.

முதல் விமானம் தாமதமாகி, நேரம் போதாது போலிருந்தால் இறங்குவதற்கு முன்பே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். சில சமயம் முன்னால் இறங்க விடுவார்கள், சில சமயம் கீழே ஊர் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்பார். அப்படியும் தவறிவிட்டால் உட்கார்ந்து அழ வேண்டாம், நேராக டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டர். அங்கே இதுதான் அன்றாட வேலை. அடுத்த விமானத்தில் இடம், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல், சாப்பாடு கிடைக்குமா என்று நீங்களாகவே கேளுங்கள், கேட்காதவருக்குத் தானாகக் கொடுப்பது குறைவு.

கைப்பையில் என்ன வைப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட், பணம், மருந்து, சார்ஜர், ஒரு நாளைக்கு மாற்றுத் துணி. பெட்டி இரண்டு நாள் வராவிட்டாலும் சமாளிக்கிற மாதிரி இருக்க வேண்டும். 2006இல் லண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்டதிலிருந்து கைப்பையில் திரவங்கள் 100 மில்லிக்கு மேல் கொள்ளளவு உள்ள பாட்டிலில் கூடாது, பாதி காலியான 200 மில்லி பாட்டிலும் கூடாது. சில விமான நிலையங்கள் புது ஸ்கேனர் வைத்து இதைத் தளர்த்திவிட்டன, ஆனால் நீங்கள் மாறும் இடத்தில் பழைய விதியே இருக்கலாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், பெட்டியில் போடவே கூடாது. வாட்-ஹவர் என்பது பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் சேரும் என்ற அளவு, 100 வாட்-ஹவர் வரை தடையில்லை, சாதாரண 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-ஹவர்தான் வரும். 2025இலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் விடுவதில்லை. ஆகவே போனை ஏறும் முன்பே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள்.

மருந்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாட்டில் கடையில் சும்மா கிடைப்பது இன்னொரு நாட்டில் தடை செய்யப்பட்டதாக இருக்கும். சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் ஜப்பானில் சிக்கல். கோடீன், டிராமடால் கலந்த வலி மாத்திரைகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. மருந்தை அதன் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள், மூலப்பொருளின் பெயரைப் போகும் நாட்டின் சுகாதாரத் துறைத் தளத்தில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். யாராவது, தெரிந்தவராகவே இருந்தாலும், "இதை மட்டும் அங்கே கொடுத்துவிடு" என்று கட்டிய பொட்டலம் கொடுத்தால் வாங்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது உங்களுடையது, சட்டம் வேறு மாதிரிப் பார்க்காது.

சரி, விமானத்துக்குள். நீங்கள் பயப்படுகிற ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஓடுபாதையை விட்டு எழும்பியதும் அடியிலிருந்து 'தடால்' என்று ஒரு சத்தம் வரும், அது சக்கரங்கள் உள்ளே மடங்கி மூடுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் என்ஜின் சத்தம் திடீரென்று குறையும், வயிறு லேசாக மேலே வருவது போல இருக்கும், முதல் தடவை போகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் விமானம் விழுகிறது என்று நினைத்து இருக்கைக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். விழவில்லை. எழும்பத் தேவைப்பட்ட முழுச் சக்தியை விமானி ஏறுவதற்குப் போதுமான அளவுக்குக் குறைக்கிறார், ஏற்றமும் கொஞ்சம் மட்டுப்படுகிறது, அவ்வளவுதான். இறக்கையில் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் கேட்டால் அது இறக்கையின் பின்பகுதி நீண்டு சுருங்குவது. மேலே போன பிறகு காற்று சீராக இல்லாத இடத்தில் விமானம் குலுங்கும், இறக்கை நுனி மேலும் கீழும் வளையும். வளைய வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள், சேவையில் எதிர்பார்க்கிற அதிகபட்ச விசையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. குலுக்கலில் காயம் படுகிறவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள், ஆகவே விளக்கு அணைந்த பிறகும், தூங்கும்போதும் பெல்ட்டை இடுப்பில் தளர்வாகப் போட்டே வைத்திருங்கள். பக்கத்தில் போகிற பணிப்பெண்ணிடம் "முதல் தடவை போகிறேன், பயமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, சொன்னவர்களை அவர்கள் வந்து வந்து விசாரித்துக்கொள்வார்கள்.

கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தொண்டை காய்வது, தலை லேசாக வலிப்பது, காலணி இறுகுவது எல்லாம் இதனாலும் உட்கார்ந்தே இருப்பதாலும் வருவது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள், நடைபாதைப் பக்கம் இருக்கை வாங்கினால் யாரையும் எழுப்பாமல் அவ்வப்போது எழுந்து நடக்கலாம். இறங்கும்போதுதான் காது அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், கடைசி அரை மணி நேரம் தூங்காமல் இருங்கள். கடுமையான சளி இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், அந்தக் காது வலி சாதாரணமாக இருக்காது.

இறங்கிவிட்டீர்கள். இந்த இரண்டு மணி நேரத்தைத்தான் வீட்டிலேயே ஒரு தடவை மனசுக்குள் நடந்து பார்க்கச் சொல்வேன். முதல் வேலை, கழிவறைக்குப் போய்விட்டு வரிசையில் நில்லுங்கள். குடியேற்ற வரிசை சில நாள் பத்து நிமிடம், சில நாள் ஒன்றரை மணி நேரம், நடுவில் விலகினால் இடம் போய்விடும். அந்தக் கூடத்தில் போட்டோ எடுக்கக் கூடாது, போனில் பேசவும் கூடாது. அதிகாரி கேட்பது கிட்டத்தட்ட எப்போதும் நான்கு கேள்விதான்: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். கேட்டதற்கு மட்டும், உண்மையை, ஒரே வரியில் சொல்லுங்கள். "ஊர் சுற்றிப் பார்க்க, எட்டு நாள், இந்த ஹோட்டல், இந்தத் தேதியில் திரும்புகிறேன்." பதற்றத்தில் சித்தப்பா பையன் இங்கே வேலை பார்க்கிறான், வேலை கிடைக்குமா என்றும் பார்க்கலாம் என்று நீட்டினால், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும். ஹோட்டல் முகவரியையும் திரும்பும் டிக்கெட்டையும் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், போனில் சார்ஜ் தீர்ந்து போவது இந்த இடத்தில்தான் நடக்கும். மொழி புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். மறுபடி சொல்லச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். தனியாக ஓர் அறைக்கு அழைத்துப் போய் மேலும் விசாரித்தாலும் அது கைது இல்லை, தனியாக முதல் தடவை வருகிறவர்களை அப்படிக் கேட்பது உண்டு, பொறுமையாகப் பதில் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். முத்திரை குத்திக் கொடுத்ததும் அங்கேயே நின்று எத்தனை நாள் அனுமதி என்று படியுங்கள். ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை வந்திருக்கிறது, அங்கே 180 நாளுக்குள் 90 நாள் என்ற கணக்கை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி வரவில்லை என்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே போகாதீர்கள். அங்கேயே லக்கேஜ் கவுன்ட்டரில் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்கிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள். 21 நாள் ஆகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். நடுவில் வாங்கிய துணி, சோப்பு எல்லாவற்றுக்கும் பில்லை வைத்திருங்கள். சுங்கத்தில், சந்தேகம் இருந்தால் அறிவிப்பதே நல்லது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி நாடுகளில் பையில் மறந்துபோன ஒரு பழத்துக்குக்கூட அபராதம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதிகபட்சம் பழத்தை எடுத்துக்கொள்வார்கள்.

கதவைத் தாண்டி வெளியே வந்ததும் சத்தம், கூட்டம், பெயர்ப் பலகைகள், "டாக்ஸி வேண்டுமா" என்று நெருங்கி வருகிறவர்கள். உங்களைத் தேடி வருகிற எந்த டாக்ஸியும் வேண்டாம், வரிசையில் நிற்கிற டாக்ஸி போதும். நகரத்துக்குள் போக ரயிலா பஸ்ஸா, எந்த இடத்தில் இறங்குவது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, டாக்ஸி என்றால் தோராயமாக எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். ஹோட்டல் பெயரும் முகவரியும் அந்த ஊர் எழுத்தில் இருக்கட்டும். ஜப்பான், சீனா, தாய்லாந்து போன்ற இடங்களில் ஓட்டுநருக்கு ரோமன் எழுத்து படிக்க வராமல் போகலாம்.

போன் விஷயத்தில் ஒரு சிக்கலை முன்பே சொல்லிவிடுகிறேன். விமான நிலைய இலவச வைஃபை சில இடங்களில் உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பும், அந்த எண் அங்கே வேலை செய்யாவிட்டால் வைஃபையும் இல்லை. வங்கி ஓடிபியும் அதே கதை. ஆகவே கிளம்பும் முன் இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே இறக்கிக்கொள்ளும் சிம்) போட்டுக்கொள்ளுங்கள், பழைய சிம்மை எஸ்எம்எஸ் மட்டும் வருகிற மாதிரி ரோமிங்கில் வையுங்கள், நகரத்தின் வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கிற மாதிரி இறக்கி வையுங்கள். சீனாவின் உள்ளூர் இணைப்பில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது, அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. இதை வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லி வைத்தால் அவர்கள் ராத்திரி முழுக்கப் பதற மாட்டார்கள். "இறங்கியதும் பேசுகிறேன்" என்று வாக்குக் கொடுக்காமல், "இறங்கி நான்கு மணி நேரத்துக்குள் செய்தி வரும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பணத்துக்கு இரண்டு கார்டு, இரண்டையும் வேறு வேறு இடத்தில். வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை வங்கியில் முன்பே திறந்துவிடுங்கள். ஏடிஎம்மிலோ கடையிலோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், மற்றதில் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும். பாஸ்போர்ட் நகலை மின்னஞ்சலில் ஒன்று, வீட்டில் ஒருவரிடம் ஒன்று வையுங்கள். தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அந்தப் புகாரோடு உங்கள் நாட்டுத் தூதரகம், அங்கே அவசரப் பயண ஆவணம் கொடுப்பார்கள். தூதரக எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதுங்கள்.

முதல் இரவுக்கு மட்டும் நல்ல இடமாகப் பாருங்கள், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இருபத்துநாலு மணி நேரமும் வரவேற்பில் ஆள் இருக்கிற இடமாக. மலிவான அறையெல்லாம் மூன்றாவது நாள் பார்த்துக்கொள்ளலாம். அறை பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள், காலை 7 மணிக்குப் போய் நின்றால் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போகச் சொல்வார்கள், அது மரியாதைக் குறைவு இல்லை, அங்கே வழக்கமே அப்படித்தான். பெண்ணாகத் தனியாகப் போகிறீர்கள் என்றால் தரைத்தள அறை வேண்டாம் என்று சொல்லுங்கள், வரவேற்பில் அறை எண்ணை உரக்கச் சொன்னால் வேறு அறை கேளுங்கள், எத்தனை நாள் தனியாக இருக்கிறீர்கள் என்று விசாரிக்கிற புதியவரிடம் நண்பர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்வதில் தவறே இல்லை.

அன்று மாலை மனசில் ஒரு கனம் வரும். அறைக் கதவைச் சாத்தியதும், ஏன் வந்தோம் என்று தோன்றும், இது அநேகமாக எல்லோருக்கும் வருகிறது, தூக்கம் கெட்டதும் பசியும் சேர்ந்து அதைப் பெரிதாக்கும். படுக்கையில் விழுந்துவிடாதீர்கள். குளித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஹோட்டலைச் சுற்றி நாலு தெரு நடந்து, ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி, எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அந்த ஊர் நேரத்துக்கு 9 மணி வரையாவது விழித்திருந்தால் மறுநாள் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும். நேர வித்தியாசம் சரியாக, ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக ஒரு நாள் பிடிக்கும், கிழக்கே போனால் இன்னும் கொஞ்சம் அதிகம். அதனால் மறுநாள் காலையில் முன்பதிவு எதுவும் வைக்காதீர்கள். அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் பதறாமல் புரண்டு படுங்கள், கையோடு கொஞ்சம் பிஸ்கட் வைத்திருங்கள், அந்த நேரத்தில் பல ஊர்களில் கடை திறந்திருக்காது.